மிளகாய்க்கு அடியில் ஒரு தெரு

நெடுங்கரைப்பட்டியில் ஒரு தெரு காணாமல் போன சங்கதியை இப்போது ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள், சாமிக் குத்தம் என்கிறார்கள், பூமி அதிர்ந்தது என்கிறார்கள், மேலிடத்து உத்தரவு என்றுகூட ஒருத்தர் டீக்கடையில் சத்தியம் பண்ணினார், அதெல்லாம் சும்மா. பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு ஊராட்சிச் செயலர் தனுஷ்கோடி அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை அழித்தார், அதோடு தெருவும் போனது, அவ்வளவுதான்.

தனுஷ்கோடி கெட்டவர் இல்லை, பயந்தவர். ஊராட்சித் தலைவராக ஜெயித்தது ராசாங்கத்தின் மனைவி, ஆனால் நாற்காலியில் உட்கார்வது ராசாங்கம், அந்த ராசாங்கம் கோயில் திருவிழா வீடியோவைக் கொண்டுவந்து இதை ஏற்றி வை என்றார், கம்ப்யூட்டர் இடமில்லை என்றது. அந்தக் கம்ப்யூட்டரில் ஊரை மூன்று டிரைவாகப் பிரித்து வைத்திருந்தார்கள், கோயிலும் திடலும் மேலத்தெருவும் ஒன்றில், கண்மாய் ஒன்றில், கிழக்குக் காலனியும் புறம்போக்கும் மூன்றாவதில். திடல் இருந்த டிரைவில் பாதிக்கு மேல் சும்மாதான் கிடந்தது, ஆனால் அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அதனால் தனுஷ்கோடி மூன்றாவதைத் திறந்து, மூன்று வருஷமாக யாரும் எடுத்துப் படிக்காத ஒரு ஃபோல்டரைப் பார்த்து, காலனியின் முப்பத்தொரு வீட்டு ரசீதும் ஒரு குழாயின் இணைப்பு எண்ணும் ஒரு தெருவிளக்கின் எண்ணும் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் நிற்கிறது என்று வருஷா வருஷம் கொடுத்த மனுக்களும் இருந்த அந்த ஃபோல்டரை அழித்தார், சுத்தமான மனுஷன் என்பதால் குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினார்.

காலனிக்காரர்கள் எல்லோரும் அந்நேரம் கண்மாய்க்குள் நூறு நாள் வேலையில் இருந்தார்கள். மண்வெட்டியை ஊன்றி இடுப்பை நிமிர்த்தின ஒருத்திதான் முதலில் பார்த்தாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெரு இல்லை, செம்மண் தரை மட்டும் கூட்டி விட்டது போலக் கிடந்தது, அஸ்திவாரத் தடம்கூட இல்லை. "தெருவைக் காணோமேடி" என்றாள். பக்கத்தில் இருந்தவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஆமா காணோம் என்றாள். போய்ப் பார்க்கலாம் என்று நாலு பேர் கிளம்பினார்கள், பதினொன்றரைக்கு வருகைப் போட்டோ எடுப்பார்கள், அதில் முகம் இல்லாவிட்டால் இன்றைக்கு வேலை செய்தது செய்யாததாகிவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள், அதுவும் நியாயமாகத் தோன்றியதால் எல்லோரும் போட்டோ எடுக்கும் வரை நின்றார்கள், எடுத்த பிறகு போய்ப் பார்த்தார்கள், நிஜமாகவே இல்லை.

தெருவுக்குள் இருந்தது ஒரே ஒரு ஆள், இருளாயி. போன மாதம் கண்மாய்க் கரையில் வழுக்கி விழுந்து வலது காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தவள். அவளுடைய மகள் சுடர்க்கொடி டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள், பதினெட்டு வயசு, பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள், ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிடிக்கவில்லை என்று ஒரே பதிலைச் சொன்னவள். அவளுக்குத்தான் போன் வந்தது.

"ஏண்டி சுடரு, நீங்கள்லாம் எங்கடி போயிட்டீங்க?" என்றாள் இருளாயி.

கரண்டு இல்லை, வாசலுக்கு வெளியே வெயிலும் இல்லாமல் நிழலும் இல்லாமல் வெளுப்பாக இருக்கிறது, எதிர்வீடு தெரிகிறது, அதற்கு அந்தாண்டை ஊர் தெரியவில்லை, கோழிகளெல்லாம் பகலா ராத்திரியா என்று தெரியாமல் கூரையில் பாதி தரையில் பாதியாக நிற்கின்றன, போனில் சார்ஜ் நாற்பத்தொன்று இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். போனை வை, சும்மா யாரிடமும் பேசாதே, நானே கூப்பிடுகிறேன் என்றாள் சுடர். அடுத்த போன் தெருக்காரர்களிடமிருந்து, செயலர் ஏதோ ஃபோல்டரை அழித்தாராம் என்று, அதற்கடுத்ததைத் தனுஷ்கோடிக்கு இவளே போட்டாள்.

சுடருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கடைக்கு மெமரி கார்டை அழித்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறாள், கல்யாணப் போட்டோ, பிள்ளை பிறந்த வீடியோ, எல்லாம் போயிற்று என்பார்கள், போகவில்லை, பட்டியலில் பெயரைத்தான் அடித்திருக்கிறது, ஆள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும், அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும் வரைக்கும் இருக்கும் என்று அவர்களிடம் சொல்வாள். அதற்கென்று ஒரு பென்டிரைவ் அவள் கழுத்தில் நாடாவில் தொங்கியது. அதில் இருந்த மென்பொருளை எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏற்றி நிறுவ வேண்டியதில்லை, பென்டிரைவிலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யும், அழிந்த இடத்தில் தன் காலடிகூடப் படவிடாது. எதையும் புதிதாக வைக்காதே, எதையும் அங்கே நிறுவாதே, மீட்டதை அதே இடத்தில் சேமிக்காதே, வேறு இடத்தில் சேமி என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

தனுஷ்கோடியும் கேட்டிருக்கவில்லை. அவள் போன் போடுவதற்குள் பதறிப்போய் இணையத்திலிருந்து இலவசமாக ஏதோ ஒரு மீட்பு மென்பொருளை அதே டிரைவில் இறக்கி நிறுவியிருந்தார், திருவிழா வீடியோவையும் பாதி ஏற்றியிருந்தார். "சார், மவுஸ்ல இருந்து கையை எடுங்க, எந்திரிச்சு வெளிய வந்து கதவைப் பூட்டுங்க" என்றாள் சுடர். அவர் பூட்டிவிட்டு வாசலில் நின்றார். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது தெருமுனை விளக்குக் கம்பத்தை இப்போதுதான் காணோம், காளியப்பன் வீட்டுக் கொட்டகையும் பாதி இல்லை, மாடு வெளியே போனதால் தப்பித்தது என்றாள்.

சுடர் பஸ் பிடித்து வருவதற்குள் ஊர் இந்த விஷயத்துக்குப் பழகிவிட்டது. தபால்காரர் காலனிக் கடிதங்களை வைத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் பத்து நிமிஷம் நின்றார், பிறகு அலுவலகத்துப் புளியமரத்தடியில் காலனிக்காரர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அங்கேயே பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் காலனிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்து இன்னொரு முட்டை கொடுத்து உட்கார வைத்தார்கள். மேலத்தெருவில், இப்போதுதான் காற்று நேராக வருகிறது என்று ரெண்டு பேர் சொன்னார்கள், சொல்லிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமோ என்றும் பட்டது அவர்களுக்கு. தெருவோடு போகாமல் மிஞ்சின ரெண்டு நாய்கள் மட்டும் செம்மண் ஓரத்தில் படுத்துக்கொண்டு, உள்ளே கால் வைக்கிற எவரையும் பார்த்துக் குரைத்தன.

குரைத்ததற்குக் காரணம் இருந்தது. அது மிளகாய் ஊர். மாசி பங்குனியில் அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிற தரை எதுவானாலும், ரோடானாலும், பள்ளிக்கூட முற்றமானாலும், மயானத்துப் பாதையானாலும், சிவப்பாக மிளகாய் பரவிவிடும், காலி இடத்தைக் கண்டால் கை தானாகப் போய்ச் சாக்கை எடுக்கும், யாரும் யோசித்துச் செய்வதில்லை. சுத்தமாக, கல் இல்லாமல், மரநிழல் இல்லாமல் ஒரு தெரு அகலத்துக்குச் செம்மண் தரை திடீரென்று கிடைத்தால் சும்மா விடுவார்களா. சுடர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியபோது பாதித் தெருவுக்கு மேல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. தள்ளி ஒரு ஓரத்தில் பையன்கள் கிரிக்கெட் குச்சி நட்டிருந்தார்கள். ராசாங்கத்தின் ஆட்கள் கொடிக்கம்பத்துக்கு ஒரு குழி தோண்டியிருந்தார்கள், எப்படியும் ஒரு நாள் நடத்தானே போகிறோம் என்று.

"குழாயைக் காணோம்டி" என்றாள் இருளாயி போனில். "எதிர்வீட்டு அம்மி போச்சு. கக்கூஸ் கதவு போச்சு. இப்ப நம்ம வாசப்படிக் கல்லு இல்ல, நான் பாத்துக்கிட்டே இருக்கேன், இருந்துச்சு, இல்ல. மொளகா நெடி வேற, தும்மித் தும்மிக் கட்டுப் போட்ட கால் அதிருது."

சார்ஜ் இருபத்தாறு.

சுடர் முதலில் பையன்களின் குச்சியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாள், குழியை அவளே காலால் தள்ளி மூடினாள், பிறகு மிளகாய்க்கு நடுவில் சாக்கோடு நின்ற பூமயிலிடம் போனாள். பூமயில் மேலத்தெருக்காரி, புருஷன் இல்லாமல் ரெண்டு ஏக்கர் மிளகாயைத் தனியாகப் பார்க்கிறவள், இருளாயி பன்னிரண்டு வருஷமாக அவள் காட்டில்தான் மிளகாய்ப் பழம் பறித்தாள். அவளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று சுடருக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை, அம்மா என்று கூப்பிட மனசு வராது, வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அடி விழும், அதனால் கூப்பிடாமலேயே பேசிப் பழகியிருந்தாள்.

"மொளகாயை அள்ளுங்க" என்றாள்.

"நாளைக்கு வியாபாரி வர்றான். இன்னைக்கு ஒரு வெயில் காயலைன்னா பூசணம் பூத்துப் போகும். உன் தெரு போனதுக்கு நான் என்ன செய்ய?"

"போகல. கீழதான் இருக்கு. நீங்க ஒவ்வொரு சாக்காக் கொட்டக் கொட்ட ஒவ்வொண்ணாப் போகுது."

பூமயில் குனிந்து தரையைப் பார்த்தாள், தரையில் மிளகாய்தான் இருந்தது. இந்தப் புள்ளைக்கு எப்போதுமே வாய் அதிகம் என்று பக்கத்துச் சாக்குக்காரியிடம் சொன்னாள். சுடர் அதற்குமேல் விளக்கவில்லை, விளக்கினால் சார்ஜ் இறங்கும். போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"அம்மா, நான்தான் இருளாயி" என்றது போன். "கட்டில் கால் ஒண்ணு இப்பத்தான் போச்சு. சாஞ்சு கெடக்கேன். கொஞ்சம் வெரசா அள்ளிக்கங்க."

பூமயில் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் இருளாயி அவளிடம் ஒன்றைச் செய்யுங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு முந்தானையை இடுப்பில் செருகினாள், இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தாள், அவள் அள்ளுவதைப் பார்த்துப் பக்கத்துக்காரி அள்ளினாள், காலனிப் பெண்கள் வாய்க்காலைத் தாண்டி வந்து அவர்களும் அள்ளினார்கள், யார் மிளகாய் யார் சாக்கில் போகிறது என்ற சண்டை அன்றைக்கு இல்லை, அதை மறுநாள் ஒழுங்காகப் போட்டார்கள். போன பொருள் திரும்பவில்லை. ஆனால் அதற்குமேல் எதுவும் போகவுமில்லை.

அலுவலகத்தில் சுடர் பென்டிரைவைச் செருகினாள். தனுஷ்கோடி பின்னால் நின்று நகம் கடித்தார், ஏதாவது தொடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றாள். மென்பொருள் மூன்றாவது டிரைவை ஒரு முனையிலிருந்து படிக்க ஆரம்பித்தது, எதையும் மாற்றாமல், இருக்கிற இடத்தில் இருக்கிறதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனது, ஒரு வீடு, ரெண்டு வீடு, ஒரு வேப்பமரம், காளியப்பன் வீட்டுக் கொட்டகையில் மிச்சம் இருந்தது, மூன்று வீடு, ஒரு துணிக்கொடி, அதில் காய்ந்த பாவாடை. பச்சை என்றால் முழுசாக இருக்கிறது, மஞ்சள் என்றால் குறையோடு இருக்கிறது, சிவப்பு என்றால் போனது போனதுதான். குழாய் சிவப்பில் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த காலனிக்காரர்கள் தங்கள் தங்கள் வீடு வரும்போது ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார்கள், பக்கத்து வீட்டில் எத்தனை பாத்திரம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். ரெண்டரை மணி நேரம் ஆனது. அதற்கு நடுவில் பத்தொன்பதாவது வீடு மஞ்சளில் வந்தது, அதுதான் இருளாயி வீடு.

மூன்றரை மணிக்கு மென்பொருள் எங்கே சேமிக்க என்று கேட்டது.

எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல் என்றார் ராசாங்கம், அவர் அப்போதுதான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்திருந்தார். முடியாது என்றாள் சுடர். அதே இடத்தில் எழுதினால் முதல் வீட்டை வைக்கும்போதே கடைசி வீடு அழியும், எழுத எழுத இன்னும் எடுக்காததெல்லாம் நசுங்கும், எங்கள் அம்மா பத்தொன்பதில் இருக்கிறாள் என்றாள். ராசாங்கத்துக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் ஒரு தெருவை வேறு எங்கேயாவது வைக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்பது மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குப் புரிந்தது.

"அப்பக் கண்மாய்க்குள்ள வை புள்ள. பெரிய எடம்."

மேலத்தெருக்காரர்கள் கண்மாய் நல்ல யோசனை என்றார்கள். காலனிக்காரர்களிலும் சிலர், காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்து அலுத்துப் போனவர்கள், இப்போதைக்குக் கண்மாயே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். தனுஷ்கோடி மட்டும், கண்மாய் டிரைவ் ஐப்பசி கார்த்திகையில் நிறைந்துவிடும், அது வருஷா வருஷம் நிறைகிறது என்று மெதுவாகச் சொன்னார், சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார்.

சுடர் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"சார்ஜ் எவ்வளவு?"

"மூணு. என்னடி பண்ணிக்கிட்டு இருக்கீங்க அங்க?"

"உன்னை எங்க வைக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க."

போனில் கோழிச் சத்தம் கேட்டது. "எங்கயாச்சும் வை" என்றாள் இருளாயி. "தண்ணி நிக்காத எடமா வை. ஒவ்வொரு கார்த்திகைக்கும் அரிசிப் பானையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்க முடியல எனக்கு." அதோடு போன் அணைந்தது, அல்லது அவளே சிக்கனமாக அணைத்தாள், பிறகு கேட்டபோது இரண்டையும் சொன்னாள்.

திரையில் மூன்று டிரைவும் நின்றன. முதலாவதில் திடல் இருந்தது, ஊருக்கு நடுவில், மேட்டில், மேலத்தெருவுக்கு இந்தப் பக்கம், வருஷத்தில் நாலு நாள் சாமி வந்து இறங்குவதற்காக மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கிற இடம், முப்பத்தொரு வீட்டுக்கும் போதிய இடம் இருக்கிறது என்று பச்சையில் காட்டியது. சுடர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதைக் காலையிலிருந்து கேட்டாயிற்று. அதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள்.

ராசாங்கம் ஏய் என்று எழுந்தார். அவர் எழுந்து மேசைக்கு வருவதற்குள் பதினோரு வீடு போய்விட்டது, இப்போது நிறுத்தினால் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் தொங்கும் என்று தனுஷ்கோடி குறுக்கே நின்றார், வாழ்நாளில் ஒருத்தர் குறுக்கே அவர் நின்றது அந்த ஒரு தடவைதான், நின்ற பிறகு அவரே பயந்து போனார், ஆனால் நகரவில்லை. வெளியே திடலில் வீடுகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன, சத்தமில்லாமல், பாயை விரிப்பது மாதிரி, ஓடும் கூரையும் சிமெண்டும் துணிக்கொடியில் பாவாடையுமாக வந்தன, வேப்பமரம் இலை உதிர்த்துக்கொண்டே வந்தது, கோழிகள் வெயிலைப் பார்த்ததும் இறங்கி மேய்ந்தன. பத்தொன்பதாவது வீடு கோயில் வாசலுக்கு நேர் எதிரே வந்தது. வாசற்படியில்லாத கதவைத் திறந்துகொண்டு இருளாயி ஒற்றைக் காலில் நின்று வெளியே பார்த்தாள், எதிரே கோபுரம் நின்றது, பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு ஒரு செங்கல் கொண்டா என்றாள் மகளிடம்.

அதன் பிறகு ஊர் ரெண்டு மாதம் கூட்டம் போட்டது. தெருவைப் பழைய இடத்துக்கே நகர்த்த வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள், நகர்த்த வேண்டுமானால் முதலில் இங்கே அழிக்க வேண்டும், அழிப்பதற்கு ஒருத்தர் மவுஸைப் பிடிக்க வேண்டும், தனுஷ்கோடி ஒரு தடவை அழித்ததற்கே இன்னும் சோறு இறங்கவில்லை என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வேறு ஆள் வந்து அழிக்கலாம், ஆனால் அழிக்கிறவருடைய தெருவும் அதே டிரைவில்தான் இருக்கிறது, கை தவறினால் என்ன ஆகும் என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. திருவிழாவுக்கு என்ன செய்வது என்று யோசித்தார்கள், சாமி இறங்குவதற்குக் காலனிக்குள்தான் வழி இருக்கிறது, வேறு வழியே இல்லை, ஆகவே சாமி அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று ஆகிப்போனது, அடுத்த தடவை வந்தது, வேப்பமரக் கிளை குடையில் இடித்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

கூட்டம் போட்டுத் தீர்க்க முடியாததாக ஒன்றுதான் இருந்தது, குழாய். தெரு திடலுக்கு வந்த மறுநாள் காலையிலேயே காலனிப் பெண்கள் குடத்தோடு மேலத்தெருக் குழாயில் போய் நின்றார்கள், இருபது எட்டு வைக்கிற தூரம்தான். இங்கே என்ன, உங்கள் குழாய்க்குப் போங்கள் என்று வரிசையில் ஒருத்தி சொன்னாள். சுடர் வேலைக்குக் கிளம்பியவள், பஸ்ஸுக்கு ஏழு நிமிஷம் இருந்தது.

"எங்க குழாயை உங்க மொளகா தின்னுருச்சு" என்றாள். "வேணும்னா மொளகாயைப் புழிஞ்சு தண்ணி குடுங்க, நாங்க போயிர்றோம்."

வரிசையில் முன்னால் நின்றது பூமயில். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, நிறைந்துகொண்டிருந்த தன் குடத்தைக் காலால் ஒரு அடி தள்ளினாள், தள்ளின இடத்தில் ஒரு குடம் வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது, அதில் யார் முதலில் வைத்தார்கள் என்று இப்போது மூன்று பேர் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கப்புறமும் சண்டை இருக்கிறது, தினமும் இருக்கிறது, ஆனால் அது யார் முன்னால் யார் பின்னால் என்ற குழாயடிச் சண்டைதான்.

ஐப்பசியில் மழை வந்தது. சுடர் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடை பிடித்துக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்குப் போனாள். பழைய இடத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்றது, எப்போதும் வருகிற வழியில் வந்து, எப்போதும் நிற்கிற உயரத்தில், வீடு ஒன்றும் இல்லாததால் எதையும் நனைக்காமல் நின்றது. குழாய் இருந்த இடத்திலும் அவர்கள் வாசற்படி இருந்த இடத்திலும் மட்டும் உதிர்ந்த விதையிலிருந்து போன மாதம் மிளகாய்ச் செடி முளைத்திருந்தது, அதுவும் இப்போது தண்ணீருக்குள் இருந்தது. கழுத்தில் பென்டிரைவ் நனையாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போன் அடித்தது. இருளாயி இப்போதெல்லாம் போனைத் தொண்ணூறுக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

"எங்கடி இருக்க?"

"பழைய எடத்துல."

"அங்க என்னடி இருக்கு?"

"தண்ணி."

"அப்ப வா. சோறு ஆறுது."